நெட் கனெக்‌ஷன் இருக்குற கார் வாங்குறீங்களா? வண்டியோட கன்ட்ரோல் யார் யார் கையில இருக்குன்னு பாத்துட்டு வாங்குங்க

புது கார் வாங்குறவங்க மைலேஜ் கேக்குறாங்க, சன்ரூஃப் இருக்கான்னு கேக்குறாங்க, ஏர்பேக் எத்தனைன்னு கேக்குறாங்க, இப்பல்லாம் கிராஷ் டெஸ்ட்ல எத்தனை ஸ்டார்னு கூட கேக்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா இந்த வண்டிய என்னைத் தவிர வேற யாரெல்லாம் திறக்க முடியும், ஸ்டார்ட் பண்ண முடியும், இப்ப எங்க நிக்குதுன்னு பாக்க முடியும், இதைக் கேக்குறவங்க ரொம்ப கம்மி. 2019ல ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் சிம்மோட வந்தப்ப நம்ம ஊர்ல அது ஒரு புதுமை, இப்ப அது சாதாரண விஷயம். ஸ்கூட்டர்லயே சிம் வந்துருச்சு. ஓசூர்ல தயாராகுற ஏத்தர், போச்சம்பள்ளில தயாராகுற ஓலா ரெண்டுமே நெட்ல தான் இருக்கு.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம் தான். ஆர்சில உங்க பேர் மட்டும் தான் இருக்கும், ஆனா வண்டிக்கு சாவி மூணு இருக்கு. ஒண்ணு உங்க பாக்கெட்ல இருக்குற சாவி, ரெண்டாவது ஆப்ல இருக்குற அக்கவுண்ட், மூணாவது கம்பெனியோட சர்வர், அதாவது நெட்ல இருக்குற அவங்க கம்ப்யூட்டர். மொத ரெண்டையும் நீங்க பூட்டி வைக்கலாம், மூணாவத உங்களால பூட்ட முடியாது, அதனால அது எவ்வளவு பவர் உள்ளதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கணும். இந்தக் கட்டுரை அதுக்குத் தான்.

மொதல்ல வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாப்போம்

பெரிய டச் ஸ்கிரீன் இருந்தா அது கனெக்டட் கார்னு சிலர் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. டேஷ்போர்டுக்கு பின்னாடியோ சீட்டுக்கு அடியிலயோ ஒரு சின்ன பெட்டி இருக்கும், அதுக்குள்ள ஒரு சிம், ஒரு ஜிபிஎஸ், ஒரு மோடம். இதுக்கு டெலிமேட்டிக்ஸ் யூனிட்னு பேரு. உங்க போன்ல டேட்டா தீந்து போனாலும், ஆப்பையே போன்ல இருந்து தூக்கிட்டாலும், இந்தப் பெட்டி அது பாட்டுக்கு கம்பெனி சர்வரோட பேசிக்கிட்டு தான் இருக்கும்.

நீங்க ஆப்ல அன்லாக் அமுக்குறப்ப சிக்னல் போன்ல இருந்து நேரா கதவுக்கு போகல. போன்ல இருந்து கம்பெனி சர்வருக்கு போகுது, சர்வர்ல இருந்து மொபைல் டவர் வழியா பெட்டிக்கு வருது, பெட்டி தான் கதவ திறக்குது. அப்ப சர்வர்ல உக்காந்துருக்கிறவங்க யாரா இருந்தாலும், அது கம்பெனி ஆளோ இல்ல திருட்டுத்தனமா உள்ள புகுந்தவனோ, அதே பட்டன அவங்களும் அமுக்கலாம்.

வண்டிக்குள்ள இருக்குற பாகங்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வயருக்கு கேன் பஸ்னு பேரு, 1980கள்ல பாஷ் கம்பெனி உருவாக்கினது. அந்தக் காலத்துல காருக்கு வெளில இருந்து யாரும் உள்ள வர்ற வழியே இல்ல, அதனால மெசேஜ் யார் அனுப்புறாங்கன்னு சரி பாக்குற ஏற்பாடு அதுல வைக்கல. கல்யாண வீட்டு மைக் செட் மாதிரி, மைக் யார் கையில கெடைச்சாலும் அவங்க சொல்றது பந்தல் முழுக்க கேக்கும். புது வண்டிகள்ல நடுவுல கேட்வேன்னு ஒரு காவல் பெட்டி வச்சு தடுக்குறாங்க, அது எவ்வளவு நல்லா பண்ணியிருக்காங்கங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

இதோட விளைவு என்னன்னு 2015 ஜூலைல உலகமே பாத்துச்சு. அமெரிக்காவுல சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் வீட்ல உக்காந்துக்கிட்டே, செயின்ட் லூயிஸ் ஹைவேல ஓடிட்டு இருந்த ஜீப் செரோக்கியோட ஏசிய போட்டாங்க, ரேடியோவ அலற விட்டாங்க, வைப்பர ஓட்டுனாங்க, அப்புறம் ஆக்சிலரேட்டர மிதிச்சாலும் வண்டி நகராத மாதிரி பண்ணிட்டாங்க. ஒரு பத்திரிகையாளர் ஒத்துக்கிட்டு ஓட்டுன டெஸ்ட் அது, ஆனா ரோடு நெசமான ரோடு, பின்னாடி வந்த லாரியும் நெசம். மெதுவா போறப்ப பிரேக்கையும் வேலை செய்ய விடாம பண்ணிக் காட்டுனாங்க. உள்ள போன வழி டச் ஸ்கிரீன் சிஸ்டத்தோட மொபைல் கனெக்‌ஷன். ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி 14 லட்சம் வண்டிய ரீகால் பண்ணி, ஓனர்களுக்கு யுஎஸ்பி டிரைவ்ல அப்டேட் அனுப்புச்சு.

சர்வர் பக்கம் இன்னும் எளிசு, அங்க கேன் பஸ்லாம் தெரிஞ்சிருக்கவே வேண்டாம். 2024ல சாம் கர்ரிங்கற செக்யூரிட்டி ஆராய்ச்சியாளரும் அவர் நண்பர்களும் கியாவோட வெப்சைட்ல ஒரு ஓட்டைய கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல ஓடுற கியா வண்டியோட நம்பர் பிளேட் மட்டும் தெரிஞ்சா போதும், அரை நிமிஷத்துல வண்டிய திறக்கலாம், ஸ்டார்ட் பண்ணலாம், எங்க நிக்குதுன்னு பாக்கலாம், ஓனரோட பேர், போன் நம்பர், அட்ரஸ் எல்லாம் எடுக்கலாம், ஓனருக்கே தெரியாம தன்னை ரெண்டாவது யூசரா சேத்துக்கலாம். கியா அதை சரி பண்ணிட்டாங்க, அதுக்கப்புறம் தான் இவங்க வெளில சொன்னாங்க. 2025 ஜனவரில இதே சாம் கர்ரி, ஜப்பான் கார் கம்பெனி சுபாருவோட ஸ்டாஃப் மட்டும் பயன்படுத்துற போர்ட்டல்ல புகுந்த கதைய வெளியிட்டார், அங்க ஒரு வண்டி கடந்த ஒரு வருஷமா எங்கெல்லாம் போச்சுங்கற லிஸ்டே கெடைச்சுது. அவர் டெஸ்ட் பண்ணி பாத்தது அவர் அம்மாவோட வண்டில. சுபாரு ஒரே நாள்ல ஓட்டைய அடைச்சிட்டாங்க, அது பாராட்டணும். ஆனா அந்த ஒரு வருஷ லிஸ்ட் அங்க எதுக்கு இருந்துச்சுங்கறது தான் என் கேள்வி.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

புக் பண்றதுக்கு முன்னாடி ஷோரூம்ல கேளுங்க

சேல்ஸ்ல இருக்குற பசங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்காது, அவங்கள குத்தம் சொல்லாதீங்க, கேட்டு மெயில்ல பதில் அனுப்பச் சொல்லுங்க. கனெக்டட் சர்வீஸ் எத்தனை வருஷம் ஃப்ரீ, அதுக்கப்புறம் வருஷத்துக்கு எவ்வளவு. பணம் கட்டலன்னா எது எது நிக்கும். இது ரொம்ப முக்கியம், ஏன்னா சில வண்டில ரிமோட் ஏசி மட்டும் நிக்கும், சிலதுல மேப், வாய்ஸ் கமாண்ட், எமர்ஜென்சி பட்டன் எல்லாமே சேந்து போயிடும். சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருஷம் தருவீங்க. கனெக்டட் சர்வீஸே வேணாம்னா ஆஃப் பண்ணி தருவீங்களா.

கடைசி கேள்விக்கு பெரும்பாலும் முழிப்பாங்க. பரவால்ல, கேளுங்க, பத்து பேர் கேட்டா தான் மேலிடத்துக்கு போகும்.

வேரியன்ட் பாத்து எடுக்குறதும் ஒரு வழி. நிறைய மாடல்கள்ல பேஸ், மிட் வேரியன்ட்ல டெலிமேட்டிக்ஸ் பெட்டி இருக்காது, டாப்ல தான் இருக்கும். உங்களுக்கு ரிமோட் ஏசி தேவையே இல்லன்னா அந்தக் காசு மிச்சம், ஓட்டையும் ஒண்ணு கம்மி.

டெலிவரி அன்னிக்கு: அக்கவுண்ட் உங்க பேர்ல தான் இருக்கணும்

அவசரத்துல எல்லாரும் கோட்டை விடுற இடம் இது. டெலிவரி அன்னிக்கு பூஜை, போட்டோ, எலுமிச்சம்பழம்னு கூட்டமா இருக்கும், அந்த நேரத்துல ஷோரூம் பையன் உங்க போன வாங்கி, இல்லன்னா அவன் போன்லயே, ஆப்ப ஆக்டிவேட் பண்ணி குடுத்துடுவான். பாஸ்வேர்டு வண்டி நம்பரோ இல்ல 1234ஓ தான் இருக்கும். நல்ல எண்ணத்துல தான் பண்றான், ஆனா உங்க வண்டியோட ரெண்டாவது சாவி அப்ப இன்னொருத்தர் மூலமா செஞ்சதா ஆயிடுது.

அதனால வீட்டுக்கு வந்ததும் உக்காந்து இதை முடிங்க. அக்கவுண்ட்ல இருக்குற போன் நம்பரும் மெயிலும் உங்களோடதா, டீலரோடதான்னு பாருங்க. பாஸ்வேர்ட மாத்துங்க, வேற எங்கயும் போடாத புதுசா ஒண்ணு. பின் நம்பர் கேக்குற ஆப்பா இருந்தா ஏடிஎம் பின்ன அதுல போடாதீங்க. ஓடிபி, ரெண்டாவது வெரிஃபிகேஷன் எது இருந்தாலும் ஆன் பண்ணுங்க. அப்புறம் மெயில் அக்கவுண்டையும் நல்லா பூட்டுங்க, ஏன்னா பாஸ்வேர்ட் ரீசெட் லிங்க் அங்க தான் வரும், மெயில் போச்சுன்னா காரும் போச்சு.

அடுத்து யூசர் லிஸ்ட். ஆப்ல ஷேர்டு யூசர், ஃபேமிலி மெம்பர், டிரைவர்னு ஏதாவது பேர்ல ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல தெரியாத பேர் ஒண்ணு இருந்தாலும் உடனே தூக்குங்க. மாசத்துக்கு ஒரு தடவை இந்த லிஸ்ட்ட திறந்து பாக்குறது நல்ல பழக்கம்.

இங்க ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லணும். வண்டியோட ஆப் வீட்டுக்குள்ளயே ஒருத்தர ஒருத்தர் கண்காணிக்கிற சாமானாவும் ஆயிடுது. பிரிஞ்சு போன மனைவி எங்க போறாங்கன்னு கணவன் ஆப்ல பாத்துட்டே இருந்த கேஸ்கள் அமெரிக்காவுல வெளில வந்து, 2024ல கலிஃபோர்னியாவுல இதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க, அந்த மாதிரி தொல்லைய அனுபவிக்கிறவங்க கேட்டா எதிராளியோட ஆப் அணுகலை கம்பெனி துண்டிக்கணும்னு. நம்ம ஊர்ல வண்டி பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க பேர்ல, அவங்க நம்பர்ல தான் இருக்கு. ஓட்டுறது அக்காவோ தங்கச்சியோ மனைவியோன்னா ஆப்ல என்ன தெரியும்னு அவங்களுக்கும் சொல்லியே ஆகணும், அவங்களுக்கு தெரியாம பாக்குறது தப்பு.

செட்டிங்ஸ்ல போயி டேட்டாவ குறைங்க

டச் ஸ்கிரீன்லயும் ஆப்லயும் ரெண்டு எடத்துலயும் பாக்கணும். பிரைவசி, டேட்டா ஷேரிங், டிரைவிங் ஸ்கோர், மார்க்கெட்டிங், பார்ட்னர் ஆஃபர், இந்த மாதிரி பேர்ல இருக்குறது எல்லாம் ஒவ்வொண்ணா திறந்து பாத்து தேவை இல்லாதத ஆஃப் பண்ணுங்க. குறிப்பா டிரைவிங் ஸ்கோர். பாக்க விளையாட்டு மாதிரி இருக்கும், எத்தனை தடவை டக்குன்னு பிரேக் போட்டீங்க, எத்தனை தடவை வேகமா போனீங்கன்னு மார்க் போடும்.

அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் இந்த மார்க்க என்ன பண்ணாங்கன்னு 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு. ஸ்மார்ட் டிரைவர்னு ஒரு ஆப்ஷன் மூலமா சேத்த விவரங்கள லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க்னு ரெண்டு டேட்டா கம்பெனிக்கு வித்தாங்க, அவங்க கிட்ட இருந்து அது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போச்சு. சியாட்டில் பக்கத்துல ஷெவ்ரோலே போல்ட் ஓட்டுற ஒருத்தருக்கு இன்சூரன்ஸ் 21 சதவீதம் ஏறிடுச்சு, ஏன்னு தோண்டி பாத்தா அவரைப் பத்தி 258 பக்கம் ரிப்போர்ட் இருந்துச்சு. ஒவ்வொரு தடவை வண்டிய எடுத்தப்பயும் எப்ப கிளம்புனாரு, எவ்வளவு தூரம் போனாரு, எத்தனை தடவை டக்குன்னு பிரேக் போட்டாருன்னு எல்லாம். இப்படி ஒண்ணுல சேந்திருக்கோம்னே தெரியாம நிறைய பேர் அதுல இருந்தாங்க. அப்புறம் அந்த நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு 2025 ஜனவரில, அஞ்சு வருஷத்துக்கு இந்த மாதிரி ரிப்போர்ட் தயாரிக்கிற கம்பெனிகளுக்கு டேட்டா குடுக்கக் கூடாதுன்னு ஒரு உத்தரவ அறிவிச்சாங்க. லொகேஷன் சில நேரம் மூணு செகண்டுக்கு ஒரு தடவை எடுத்திருக்காங்கன்னும் கமிஷன் சொல்லுச்சு.

விக்கலன்னாலும் சேத்து வச்சிருக்கிறதே ஆபத்து தான். டொயோட்டா 2023ல ஜப்பான்ல 21.5 லட்சம் பேரோட வண்டி விவரம் பத்து வருஷமா கிளவுட்ல திறந்து கெடந்துச்சுன்னு அவங்களே அறிவிச்சாங்க. 2024 டிசம்பர்ல ஃபோக்ஸ்வேகன் குரூப்போட எட்டு லட்சம் எலெக்ட்ரிக் வண்டி விவரம் அதே மாதிரி வெளில கெடந்தது தெரிய வந்துச்சு. அதுல நாலரை லட்சத்துக்கு மேல வண்டிகளுக்கு எங்க எங்க நின்னுச்சுங்கற துல்லியமான லொகேஷனும் இருந்துச்சு, அதாவது ஓனர் எங்க தூங்குறாரு, எங்க வேலை பாக்குறாரு, எந்த ஆஸ்பத்திரிக்கு போறாருன்னு கணக்கு போட்டுக்கலாம். மோசில்லா அமைப்பு 2023ல 25 கார் பிராண்டோட பிரைவசி பாலிசிய படிச்சு பாத்துட்டு ஒண்ணு கூட பாஸ் இல்லன்னு சொல்லுச்சு.

வண்டிக்குள்ள கேமரா இருந்தா அதோட செட்டிங்கும் பாருங்க. டெஸ்லா ஊழியர்கள் 2019ல இருந்து 2022 வரைக்கும் கஸ்டமர் வண்டி கேமரால பதிவான வீடியோக்கள ஆபீஸ் சாட்ல பகிர்ந்து பாத்துக்கிட்டாங்கன்னு ராய்ட்டர்ஸ் எழுதியிருக்கு.

இந்தியாவுல 2023ல டிஜிட்டல் பெர்சனல் டேட்டா சட்டம் வந்துச்சு, விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முழுசா அமலுக்கு வர இன்னும் டைம் குடுத்துருக்காங்க. அது வர்ற வரைக்கும் உங்க கையில இருக்குற ஆயுதம் செட்டிங்ஸ் தான்.

போன கனெக்ட் பண்றப்ப

புளூடூத்ல இணைக்கிறப்ப கான்டாக்ட், மெசேஜ், கால் ஹிஸ்டரி எடுத்துக்கட்டுமான்னு கேக்கும். வாடகை வண்டி, ஆபீஸ் வண்டி, நண்பனோட வண்டின்னா எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்லுங்க, பாட்டு மட்டும் போதும். இறங்குறப்ப ஸ்கிரீன்ல உங்க போன் பேர டெலீட் பண்ணிட்டு இறங்குங்க.

அப்டேட் வந்தா போடுங்க, ஆனா படிச்சுட்டு போடுங்க

அப்டேட்ட தள்ளி போடாதீங்க, ஓட்டைய அடைக்கிறது அது மூலமா தான். வீட்ல வண்டி நிக்கிறப்ப, பேட்டரி சார்ஜ் நல்லா இருக்கிறப்ப, அடுத்த ஒரு மணி நேரம் வண்டி வேண்டாம்ங்கிறப்ப போடுங்க, ஊருக்கு கிளம்புற காலைல போடாதீங்க. போடுறதுக்கு முன்னாடி என்ன மாறுதுன்னு வர்ற நோட்ட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அப்டேட்டுக்கு அப்புறம் பிரைவசி செட்டிங் எல்லாம் பழையபடி ஆன் ஆயிருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

இதே அப்டேட் தான் கம்பெனியோட கை எவ்வளவு நீளம்னும் காட்டுது. 2017ல ஃப்ளோரிடாவ இர்மா புயல் தாக்குனப்ப டெஸ்லா அங்க இருந்த சில வண்டிகளோட பேட்டரி அளவ தூரத்துல இருந்தே கூட்டி விட்டுச்சு, ஜனங்க தப்பிச்சு போக உதவியா இருந்துச்சு. நல்ல காரியம் தான், சந்தேகமே இல்ல. ஆனா யோசிச்சு பாருங்க, பெரிய பேட்டரி அந்த வண்டில ஆரம்பத்துல இருந்தே இருந்துருக்கு, சாஃப்ட்வேர்ல தான் பூட்டி வச்சிருந்தாங்க, புயல் போனதும் திரும்ப பூட்டிட்டாங்க. பிஎம்டபிள்யூ 2022ல தென் கொரியா மாதிரி சில நாடுகள்ல, வண்டில ஏற்கனவே இருக்குற சீட் ஹீட்டருக்கு மாச சந்தா கேட்டுச்சு, ஜனங்க சத்தம் போட்டதும் அடுத்த வருஷமே அதை கைவிட்டாங்க. சத்தம் போட்டா வேலை நடக்குதுங்கறதுக்கு இது சாட்சி.

இன்னும் பெருசா ஒண்ணு. 2025ல நார்வேல ஆஸ்லோ நகரத்து பஸ் நிறுவனம் ரூட்டர், சீனாவோட யுடோங் எலெக்ட்ரிக் பஸ் ஒண்ண மலைக்குள்ள இருக்குற சுரங்கத்துக்குள்ள கொண்டு போய், வெளி சிக்னல் எதுவும் இல்லாம டெஸ்ட் பண்ணிச்சு. அப்டேட் போடுறதுக்காக பேட்டரி, பவர் கன்ட்ரோல் சிஸ்டத்துக்குள்ள கம்பெனி நேரா வர முடியுது, அப்ப நெனைச்சா பஸ்ஸ நிறுத்தவும் வழி இருக்குன்னு சொன்னாங்க. யாரும் நிறுத்தல, கம்பெனி தப்பா எதுவும் பண்ணதா அவங்க சொல்லவும் இல்ல, ஆனா வழி இருக்குங்கறது தான் விஷயம். இது சீனா கம்பெனி விவகாரம் மட்டும்னு நெனைக்காதீங்க. 2022ல உக்ரைன்ல மெலிடோபோல் ஊர்ல ரஷ்ய படைங்க தூக்கிட்டு போன, அமெரிக்க கம்பெனி ஜான் டியரோட விவசாய வண்டிகள தூரத்துல இருந்தே முடக்குனாங்க. திருடனுக்கு எதிரா நடந்ததால எல்லாரும் கை தட்டுனோம். அதே பட்டன் நாளைக்கு லோன் தவணை பத்து நாள் லேட் ஆன குடும்பத்து வண்டி மேலயும் வேலை செய்யும்.

கம்பெனி இல்லாம போனா என்ன ஆகும்னும் பாக்கணும். அமெரிக்க எலெக்ட்ரிக் கார் கம்பெனி ஃபிஸ்கர் 2024 ஜூன்ல திவால் மனு போட்டுச்சு, ஓஷன் கார் வாங்குனவங்க எல்லாம் அப்டேட் யார் தருவா, சர்வர் யார் நடத்துவான்னு அவங்களே சங்கம் சேந்து ஓட வேண்டியதா போச்சு. கம்பெனி நல்லா இருந்தாலும் டவர் போனா போச்சு, அமெரிக்காவுல ஏடி அண்ட் டிங்கற மொபைல் கம்பெனி 2022 பிப்ரவரில 3ஜிய நிறுத்துனப்ப பழைய கனெக்டட் கார்கள்ல விபத்து நடந்தா தானா கூப்பிடுற வசதியே நின்னு போச்சு. அதனால புது ஸ்டார்ட்அப் கம்பெனி வண்டி வாங்குறப்ப நெட் சுத்தமா இல்லன்னா இந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும், சாவி வேலை செய்யுமா, சார்ஜ் ஏறுமான்னு டெஸ்ட் டிரைவ்லயே கேளுங்க. பேஸ்மென்ட் பார்க்கிங்ல சிக்னல் இல்லாத எடத்துல நிறுத்தி திறந்து பாக்கச் சொல்லுங்க. ஆப் மட்டும் நம்பி ஊர் போகாதீங்க, கார்டோ சாவியோ ஒண்ணு எப்பவும் பையில இருக்கணும்.

பாக்கெட்ல இருக்குற சாவி

புஷ் பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா சாவி எப்பவும் வண்டியோட சிக்னலுக்கு பதில் சொல்ல காத்துக்கிட்டே இருக்கும். ஒருத்தன் உங்க வீட்டு வாசல்ல ஒரு கருவிய பிடிச்சு நிப்பான், இன்னொருத்தன் வண்டி கிட்ட நிப்பான், வீட்டுக்குள்ள ஆணில தொங்குற சாவியோட சிக்னல இழுத்து வண்டிக்கு குடுத்தா வண்டி திறந்துக்கும். ரிலே அட்டாக்னு பேரு, ஐரோப்பாவுல ரொம்ப சகஜமா நடக்குற திருட்டு. சாவிய வாசல் பக்கத்துல மாட்டாதீங்க, சிக்னல தடுக்குற பை ஆன்லைன்ல கெடைக்குது, வாங்கினா சாவிய உள்ள போட்டு வண்டி பக்கத்துல நின்னு கதவு திறக்குதான்னு பாத்து டெஸ்ட் பண்ணுங்க, நிறைய பை சும்மா பேருக்குத் தான் இருக்கு. சில வண்டில கீலெஸ் வசதிய மெனுல ஆஃப் பண்ணலாம்.

லண்டன்ல ஒரு ஆட்டோமோட்டிவ் செக்யூரிட்டி ஆராய்ச்சியாளரோட டொயோட்டா ராவ்4 காணாம போச்சு. அவரும் கென் டிண்டெல்ங்கற நிபுணரும் சேந்து துப்பறிஞ்சதுல, திருடனுங்க பம்பர கழட்டி ஹெட்லைட் வயர் வழியா கேன் பஸ்ல பொய் மெசேஜ் அனுப்பி வண்டிய திறந்தது தெரிஞ்சுது, கருவி பாக்க ஒரு புளூடூத் ஸ்பீக்கர் மாதிரி இருந்துச்சாம். முன்னாடி சொன்ன மைக் கதை தான். இதுக்கு உங்களால பண்ண முடியுறது ஸ்டியரிங் லாக், கியர் லாக் மாதிரி கையால பூட்டுற இரும்பு சாமான் தான். சில நூறோ சில ஆயிரமோ ஆகும், எந்த ஹேக்கராலும் நெட் வழியா அதை திறக்க முடியாது. பம்பரோ ஹெட்லைட் ஓரமோ பிரிஞ்சு தொங்குனா யாரோ இடிச்சிட்டாங்கன்னு விடாதீங்க, உடனே காட்டுங்க.

வெளில வாங்கி மாட்டுற சாமான்

நம்ம ஊர்ல பெரிய ஓட்டை இங்க தான் இருக்குங்கறது என் கருத்து. கம்பெனி வண்டில ஒண்ணுமே இருக்காது, ஆனா ஆயிரத்து ஐநூறு ரூபாக்கு ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கி, இன்ஜின் கட் ரிலேயோட, அதாவது தூரத்துல இருந்தே இன்ஜின நிறுத்துற சுவிட்சோட, ஆக்சசரீஸ் கடைல மாட்டிடுவாங்க. டிராவல்ஸ் வச்சிருக்கிறவங்க, ஆக்டிங் டிரைவர் போடுறவங்க நிறைய பேர் இதை மாட்டுறாங்க. 2022 ஜூலைல மைகோடஸ் எம்வி720ன்னு ஒரு டிராக்கர் பத்தி அமெரிக்க அரசோட சைபர் செக்யூரிட்டி அமைப்பு எச்சரிக்கை விட்டுச்சு. வரும்போதே பாஸ்வேர்டு 123456, அதை மாத்துங்கன்னு கேக்கவும் கேக்காது, அது போதாதுன்னு சர்வருக்குள்ள ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டும் இருந்துச்சு. அந்த கம்பெனி டிராக்கர்கள் 169 நாட்டுல 15 லட்சம் ஓடிட்டு இருந்துச்சு, உள்ள போனா வண்டிய டிராக் பண்ணலாம், பெட்ரோல் சப்ளைய நிறுத்தலாம்.

ஓபிடி போர்ட்ல சொருகுற டாங்கிள்ங்கற சின்ன கருவியும் அதே தான். ஸ்டியரிங்குக்கு கீழ மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற எடம் அது, நேரா கேன் பஸ்ஸுக்கு போற வழி. 2015லயே கலிஃபோர்னியா சான் டியாகோ யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் இன்சூரன்ஸ் கம்பெனி குடுக்குற ஒரு டாங்கிளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே கார்வெட் காரோட பிரேக்க கன்ட்ரோல் பண்ணி காட்டிட்டாங்க. அதனால டாங்கிள் வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க. டிராக்கர் கண்டிப்பா வேணும்னா பாஸ்வேர்டு மாத்த முடியுற, இந்தியாவுல சர்வீஸ் இருக்குற கம்பெனியா பாத்து வாங்குங்க, இன்ஜின் கட் வயர மட்டும் மாட்ட வேணாம்னு சொல்லிடுங்க. ஓடிட்டு இருக்குற வண்டி ஹைவேல நின்னா உயிர் போற விஷயம்.

லோன்ல எடுக்குற வண்டில, குறிப்பா செகண்ட் ஹேண்ட் லோன்ல, ஃபைனான்ஸ்காரங்க டிராக்கர் மாட்டியிருக்காங்களான்னு நேரடியா கேளுங்க. லோன் முடிஞ்சு என்ஓசி வாங்குற அன்னிக்கே அதையும் கழட்ட வைங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறப்பயும் விக்கிறப்பயும்

ஐபிஎம்ல இருந்த ஒரு செக்யூரிட்டி நிபுணர் 2017ல ஒரு விஷயம் சொன்னார், வண்டிய வித்து ரொம்ப நாள் ஆகியும் அவர் போன் ஆப்ல அந்த வண்டி இன்னும் இருந்துச்சாம், எங்க நிக்குதுன்னு பாக்கலாம், கதவ திறக்கலாம். ஆர்சி மாறுனா ஆப் தானா மாறாது, இதை நல்லா மனசுல வைங்க.

விக்கிறவங்க: ஆப்ல இருந்து வண்டிய ரிமூவ் பண்ணுங்க, ஆப்ப மட்டும் அன்இன்ஸ்டால் பண்ணா அக்கவுண்ட் அப்படியே தான் இருக்கும். ஸ்கிரீன்ல ஃபேக்டரி ரீசெட் போடுங்க, வீட்டு அட்ரஸ், சேமிச்ச எடங்கள், போன் பேர் எல்லாம் போயிடும். டேஷ்கேம் மெமரி கார்ட கழட்டுங்க. ஃபாஸ்டாக்கையும் அன்னிக்கே க்ளோஸ் பண்ணிடுங்க.

வாங்குறவங்க: பழைய ஓனர் முன்னாடியே, பணம் முழுசா குடுக்குறதுக்கு முன்னாடி, அவர் ஆப்ல இருந்து வண்டி போயிடுச்சான்னு கண்ணால பாருங்க. அவர் வெளிநாட்ல இருக்காரு, புரோக்கர் தான் விக்கிறாருன்னா, ஆர்சி காப்பியோட சர்வீஸ் சென்டர்ல போயி பழைய அக்கவுண்ட துண்டிக்க சொல்லுங்க. ரெண்டு சாவியும் கேட்டு வாங்குங்க, ஒண்ணு தான் இருக்குன்னா சாவிய மறுபடி புரோகிராம் பண்ணி, காணாம போனத அழிக்க சொல்லுங்க. சீட்டுக்கு அடில, ஓபிடி போர்ட்ல, பேட்டரி பக்கத்துல புதுசா ஒரு பெட்டி, ஒட்டு போட்ட வயர் இருக்கான்னு உங்க மெக்கானிக்க விட்டு பாக்க சொல்லுங்க.

ஏதாவது தப்பா தெரிஞ்சா

நீங்க அமுக்காமலே வண்டி அன்லாக் ஆச்சு, ஆப்ல தெரியாத ஆள் இருக்காரு, கேக்காத ஓடிபி வருது, இப்படி ஏதாவது நடந்தா மொதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுங்க, தேதி நேரத்தோட, அதுக்கப்புறம் பாஸ்வேர்ட மாத்தி எல்லா டிவைஸ்ல இருந்தும் லாக் அவுட் பண்ணுங்க. ஓட்டிட்டு இருக்குறப்ப வண்டி தானா ஏதாவது பண்ணா பதறாதீங்க, இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி நிறுத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம். வண்டி காணாம போச்சுன்னா ஆப்ல லொகேஷன் தெரியுதேன்னு நீங்களே தேடிப் போகாதீங்க, போலீஸ் கிட்ட அந்த ஸ்கிரீன காட்டி அவங்களோட போங்க. அக்கவுண்ட்ல யாரோ புகுந்ததுன்னா தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் பதியலாம்.

ஐரோப்பாவுல 2024 ஜூலைல இருந்து புது வண்டிக்கு சைபர் செக்யூரிட்டி சான்றிதழ் கட்டாயம், அதுக்கு தகுந்த மாதிரி மாத்த முடியாம போர்ஷே அங்க பெட்ரோல்ல ஓடுற மக்கான் கார விக்கிறதையே நிறுத்திடுச்சு. இந்தியாவுலயும் ஏஐஎஸ் 189, 190ன்னு அதே மாதிரி விதிகள் எழுதியிருக்காங்க. விதி முழுசா வந்தாலும் புகார் குடுக்குறது நீங்க தான். சர்வீஸ் சென்டர்ல வாயால சொன்னது எங்கயும் பதிவாகாது, சாஃப்ட்வேர் பிரச்சனையே இல்ல சார்னு சொல்லி ஸ்கேனர் போட்டு பாத்து அனுப்பிடுவாங்க. கம்பெனியோட பிரைவசி பாலிசில கடைசி பக்கத்துல குறைதீர் அதிகாரியோட மெயில் ஐடி இருக்கும், அதுக்கு சேஸிஸ் நம்பர், ஆர்சி காப்பி, ஸ்கிரீன்ஷாட் வச்சு எழுதுங்க. என் வண்டியோட எந்த எந்த டேட்டா உங்க கிட்ட இருக்கு, யாருக்கு குடுத்தீங்க, என் அக்கவுண்ட்ல கடைசியா யார் லாகின் பண்ணாங்க, இந்த மூணையும் கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் அதே மெயில் மேலயே திரும்பத் திரும்ப அனுப்புங்க.